மொத்தத்தில் சிறந்த சேர்க்கை

துர்காவுக்குக் கல்யாணமான புதிதில் பெருமுக்கல்லில் ஒரு பேச்சு அடிபட்டது. இன்ஜினியரிங் படித்தவள், விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், ஐ.டி.ஐ.யோடு நின்றுபோய் மூன்று ஏக்கர் நிலத்தில் உழுதுகொண்டிருக்கும் பிரேம்குமாரோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவாள் என்று. நான்கு வருஷம் போனது. பேசியவர்களுக்கே அலுத்துவிட்டது. பிரேம்குமார் தினமும் காலையில் அவளை பைக்கில் கொண்டுபோய்த் திண்டிவனம் ஸ்டேஷனில் விடுவான். சாயங்காலம் ரயில் வருவதற்கு அரை மணி முன்னாலேயே போன் பண்ணி, "மயிலம் தாண்டிச்சா?" என்று கேட்பான். தாண்டவில்லை என்றால் ஸ்டேஷனுக்கு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி கேட்பான்.

அவளுடைய ஆபீஸ் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்கள் செய்துகொண்டிருந்தது 'உயிர்வழி' என்ற செயலி. ஒரு அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. ஊரில் யாருக்காவது ஆபத்து என்றால் போனில் அந்த ஆபத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்துகிறவர் எங்கே இருக்கிறார், எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கையும் மருந்தும் இருக்கிறது, எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் செயலியே விசாரித்து முடிவு பண்ணும். இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வெளியே மூன்று நான்கு இணையச் சேவைகள் இருந்தன. ஒன்று வேகமாகச் சொல்லும், ஆனால் சில சமயம் தப்பாகச் சொல்லும். இன்னொன்று சரியாகச் சொல்லும், ஆனால் மெதுவாகச் சொல்லும். ஒவ்வொரு அழைப்புக்கும் எதோடு எதைச் சேர்த்தால் மொத்தத்தில் தரம் மேலாக இருக்கும் என்று தானாகக் கணக்குப் போட்டு எடுக்கும் பகுதி துர்காவினுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த பிரேம்குமாருக்கு அதை விளக்கினாள்.

"ஒவ்வொண்ணுலயும் பெஸ்டா இருக்கறத எடுத்துட்டா வேலை முடிஞ்சிரும்னு நெனைப்போம் மாமா. ஆனா அப்படி எடுத்தா நாலும் சேர்ந்து ரெண்டு நிமிஷம் ஆக்கிரும். அதனால ஒவ்வொரு சேர்க்கைக்கும் வேகத்துக்கு இவ்ளோ, நம்பகத்துக்கு இவ்ளோ, செலவுக்கு இவ்ளோன்னு மார்க் போட்டு, மொத்த மார்க் எதுக்கு அதிகமோ அத எடுக்கும்."

"எத்தினி சேர்க்கைய அந்த மாதிரி பாக்கும்?"

"சமயத்துல ஆயிரம்கூட இருக்கும்."

"அத்தினியும் சில செகண்டுக்குள்ளயா?" அவன் தவிட்டுக் கையை உதறிவிட்டுச் சிரித்தான். "நானு ஒரு சட்டை எடுக்கவே ரெண்டு மணி நேரம் பண்றேன்."

செயலியைச் சோதித்துப் பார்க்க முதலில் அவனுடைய போனில்தான் போட்டுக் கொடுத்தாள். மல்லாட்டை என்று ஊர் சொல்லும் வேர்க்கடலை விளைகிற கொல்லை நிலத்தில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்துவான். அழுத்தினால் மட்டும் போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான். "ஹலோ, பெருமுக்கல் பிரேம்குமார் பேசறேங்க, நெஞ்சு வலிக்குதுங்க, ஜல்தி வாங்க" என்று போனைப் பார்த்து நடிப்பான். பக்கத்துக் கொல்லைக்காரர் பெரியதம்பி ஒருநாள் அதைக் கேட்டு நிஜமென்று நம்பித் தன் மினி வேனை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். அதற்கப்புறம் டீக்கடையிலும் பால் சங்கத்திலும் பிரேம்குமார் எல்லோருடைய போனிலும் உயிர்வழியைப் போட்டுவிட்டான். "என் வூட்டுக்காரம்மா பண்ணது" என்று சொல்லிச் சொல்லிப் போடுவான்.

ஆரம்பத்தில் துர்கா ஒரு விதி வைத்திருந்தாள். மருந்து இருப்பைப் பற்றி எந்தச் சேவை சொல்லும் தகவலும் ஒரு மணி நேரத்துக்குள் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சேர்க்கையே வேண்டாம். விதி நல்ல விதிதான். ஆனால் அதனால் ஆறு அழைப்புக்கு ஒன்று 'பொருத்தமான சேர்க்கை இல்லை' என்று திரும்பி வந்தது. தை மாதம் அறக்கட்டளைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, பத்து நொடிக்குள் பதில் வரவேண்டும், இல்லை என்ற பதில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேலாளர் ஆரோக்கியராஜ் அன்றைக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒருத்தன் உயிர் போவுதுன்னு கூப்பிடறான். அவன்கிட்ட இல்லேன்னு சொல்றதுக்கு ஒரு சிஸ்டமா துர்கா?"

அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு விதியை எடுத்துவிட்டு அதையே ஒரு மதிப்பெண்ணாக மாற்றினாள். தகவல் பழசாக இருந்தால் சேர்க்கையை ஒதுக்க வேண்டாம். மார்க்கைக் கொஞ்சம் குறைத்தால் போதும். மற்றவற்றில் நன்றாக இருந்தால் அது மேலே வந்துவிடும். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கே தோன்றியதுதான். 'இல்லை' என்ற பதில் மறுநாளே மறைந்துபோனது. ஆரோக்கியராஜ் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவளும் இரண்டு தின்றாள்.

சித்திரை ஒன்பதாம் தேதி மத்தியானம் மூன்று மணி இருக்கும். துர்காவின் திரையில் ஒரு புது வரி பச்சையாக வந்து விழுந்தது. பாம்புக்கடி. பதில் கிடைக்க ஆறு நொடி. மொத்த மதிப்பெண் தொண்ணூற்றொன்று. அந்த வாரத்திலேயே அவ்வளவு மதிப்பெண் எதற்கும் வரவில்லை. அவளுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று திரும்பினாள். அப்புறம்தான் அந்த வரியின் கடைசியில் இருந்த போன் நம்பரைப் பார்த்தாள்.

பிரேம்குமார் சோதனைக்கு அழுத்தியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நம்பருக்குப் போன் பண்ணினாள். மாமியார் ஜெயம்மாள் எடுத்தாள். அவள் மூச்சு வாங்கினாள்.

"யம்மா துர்கா, பாம்பு புடுங்கிருச்சும்மா. மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தான். வரப்போரம் குனிஞ்சான், கையில போட்டுருச்சு. நல்ல பாம்புன்றான் பெரியதம்பி."

"அவரு எப்படி இருக்காரு?"

"உக்காந்துகினு இருக்கான். பேசறான். அதோ, அவன்தான் உன்னுதுல அழுத்தனான். பெரியதம்பி வேனை எடுக்கட்டுமா, நேரா திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு உட்டுடறேன்றான். இன்னா பண்றது? சொல்லு ஜல்தி."

துர்கா திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் வண்டி வருகிறது. வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது. மரக்காணம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படுக்கை காலி, செயற்கை சுவாசக் கருவி காலி, விஷமுறிவு மருந்து இருப்பில். தொண்ணூற்றொன்று.

"வேணாம் அத்தை," என்றாள். "ஆம்புலன்ஸ் வந்துகினு இருக்கு. வேன்ல போனா நடுவுல மூச்சு திணறினா ஒண்ணும் பண்ண முடியாது. கைய ஆட்டாம வைக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிலாம் செட்டாயிருச்சு. பயப்படாதீங்க, காத்திருங்க."

ஜெயம்மாள் அதை உரக்கத் திருப்பிச் சொன்னது கேட்டது. பெரியதம்பி ஏதோ முனகினார். பிறகு பிரேம்குமாரின் குரல், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் குழறலாக: "அதான் துர்கா சொல்லிருச்சே. இருங்க. வண்டி வரட்டும்."

அவன் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

அவள் ஒரு பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் வருவதற்குள் என்ன நடந்தது என்பதை ஜெயம்மாளும் பெரியதம்பியும் பிறகு துண்டு துண்டாகச் சொன்னார்கள். வண்டி சொன்னபடி பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தது. டிரைவர் தெரிந்தவர், நன்றாக ஓட்டினார். தனியார் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள். அப்புறம்தான் அந்த மருந்தைத் தேடினார்கள். காலையில் ஒன்பது மணிக்கு வேறொரு பாம்புக்கடிக்காரருக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தார்கள். இருப்புக் கணக்கைத் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு தடவைதான் மாற்றுவார்களாம். 'இதோ வருது, இதோ வருது' என்று ஐம்பது நிமிஷம் ஓட்டினார்கள். பிரேம்குமாருக்குக் கண்ணிமை தொங்கிப்போனது, நாக்கு தடித்தது. பெரியதம்பி சத்தம் போட்டார். பிறகு அதே வண்டியில் ஏற்றித் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு, அந்த அரசு ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினார்கள். அங்கே மருந்து இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. வாசலில் இறக்கும்போது மூச்சு நின்றிருந்தது. டாக்டர்கள் முக்கால் மணி நேரம் முயற்சி பண்ணினார்கள்.

துர்கா உள்ளே வந்தபோது ஜெயம்மாள் நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் சேலை முந்தானையெல்லாம் மல்லாட்டைக் கொல்லை மண். மருமகளைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "உள்ள தனியா கீறான், போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கை விரல் நகங்களுக்குள்ளும் அதே சிவப்பு மண் இருந்தது. துர்கா ஒரு விரல் நகத்திலிருந்து அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்கிறோமென்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நர்ஸ் வந்து அவள் தோளைத் தொடும்வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

கருமகாரியம் முடிந்த நான்காம் நாள் அவள் ஆபீசுக்குப் போனாள். ஊரில் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் போனது வேலை பார்க்க அல்ல. கதவைத் திறந்து உள்ளே நுழைந்தபோது ஆரோக்கியராஜ் பெரிய திரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவசரமாக மூடினார். மூடுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அறக்கட்டளைக்கு அனுப்பும் மாத அறிக்கை. சித்திரை மாதத்தின் மொத்தத் தரம், செயலி ஆரம்பித்த நாளிலிருந்து அதுவரை வந்ததிலேயே அதிகம். கோடு மேலே ஏறி நின்றது.

"மூட வேணாம் சார்" என்றாள். "எனக்கு ஒன்பதாம் தேதி பதிவு வேணும்."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

"வேணும் சார்."

தப்பு எங்கேயாவது இருக்கும் என்று நம்பித்தான் வந்திருந்தாள். ஏதாவது ஒரு சேவை பொய் சொல்லியிருக்கும், ஏதாவது ஒரு வரி உடைந்திருக்கும், யாராவது ஒருத்தர் மேல் கை நீட்டலாம். வரிவரியாகப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. மருந்து இருப்பைச் சொன்ன வேகமான சேவை, தன் தகவல் ஏழு மணி நேரத்துக்கு முந்தையது என்பதையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது. செயலி அதற்காக நான்கு மார்க் குறைத்திருந்தது. ரோடு, வண்டி, படுக்கை, செலவு எல்லாம் நன்றாக இருந்ததால் மொத்தம் அப்படியும் தொண்ணூற்றொன்று வந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த சேர்க்கை, ஆஸ்பத்திரிக்கு ஆள் போன் பண்ணிக் கேட்டுச் சொல்லும் மெதுவான சேவையோடு சேர்ந்தது. அது காட்டியது திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி. எண்பத்தெட்டு.

பழைய விதியைத் திரும்பப் போட்டு அதே அழைப்பை ஓடவிட்டாள். முதல் சேர்க்கை விழுந்தது. அரசு ஆஸ்பத்திரி மேலே வந்தது. கூடுதலாக ஆனது எழுபது நொடி.

மாற்றங்களைப் பதியும் பக்கத்தில், தை பதினாறு, விதி நீக்கம் என்று இருந்தது. பக்கத்தில் அவளுடைய பெயர்.

ஆரோக்கியராஜ் பின்னால் வந்து நின்றிருந்தார். "நீ மட்டும் பண்ணல துர்கா. நான்தானே சொன்னேன். இல்லேன்னு பதில் வரக்கூடாதுன்னு நான்தானே..." அவர் நல்ல மனுஷர். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

சாயங்காலத்துக்குள் விதியை நிரந்தரமாகப் போட்டாள். உயிரைக் காக்கும் மருந்து என்றால் மார்க் இல்லை, கூட்டல் இல்லை. சரிபார்க்காத தகவல் உள்ளேயே வரக்கூடாது. தகவல் கிடைக்கவில்லை என்றால் கணக்கே போடாமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். அடுத்த மாதம் மொத்தத் தரம் எண்பத்தாறுக்கு இறங்கியது. ஏன் இறங்கியது என்று அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. ஆரோக்கியராஜ் தன் கைப்படப் பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெயம்மாளின் தம்பி, கண்டமங்கலத்திலிருந்து வந்தவர், தனியார் ஆஸ்பத்திரி மேல் கலெக்டருக்கு மனு எழுதி எடுத்து வந்தார். மகனுக்காகச் செய்ய ஜெயம்மாளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். காலையில் எழுந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டுவாள், கேப்பைக் களி கிண்டும்போது திட்டுவாள். திட்டத் திட்டத்தான் அவளால் நடமாட முடிந்தது. துர்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படிச்சுக் காட்டும்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று ஒருநாள் காலையில் மனுவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள் ஜெயம்மாள்.

துர்கா படித்தாள். நாள், நேரம், சலைன், ஐம்பது நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பத்தியில், 'என் ஒரே மகனின் சாவுக்கு இவர்களின் அலட்சியமே முழுக் காரணம்' என்று இருந்தது. 'முழு' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"படி. ஏன் நிறுத்திட்ட?"

"அத்தை, இது முழுசா அவங்க காரணம் இல்ல."

ஜெயம்மாள் அவளையே பார்த்தாள்.

துர்கா சொன்னாள். தை மாதம் விதியை எடுத்தது, ஏன் எடுத்தது, எடுக்காமல் இருந்திருந்தால் செயலி எங்கே அனுப்பியிருக்கும், எல்லாவற்றையும் மாமியாருக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னாள். பப்ஸ் தின்றதைக்கூடச் சொன்னாள். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள், முடித்தாள்.

ஜெயம்மாள் மனுவை அவள் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கி பெரியதம்பி வண்டியிலயே போயிருந்தா பொழைச்சிருப்பானா?"

இல்லை என்று சொல்லலாம். யாருக்குத் தெரியும் என்றும் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் அவளே போய்க் கேட்டிருந்தாள்.

"பொழைச்சிருப்பாரு அத்தை."

ஜெயம்மாள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் துர்கா. நானு அவங்களத் திட்டிக்கினே செத்துப் போயிருப்பேன். இப்ப வூட்டுக்குள்ளயே ஒருத்தியத் திட்டணும். உன்ன உட்டா எனக்கும் யாரு கீறா?"

மனுவில் கையெழுத்துப் போடாமலே உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இரவு துர்கா அதை மறுபடி தன் கையால் எழுதினாள். ஆஸ்பத்திரி செய்ததை அப்படியே வைத்துக்கொண்டு, செயலி செய்ததையும் தன் பெயரையும் சேர்த்து எழுதினாள். காலையில் ஜெயம்மாளுக்குப் படித்துக் காட்டி, அவள் முன்னால் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அடியில் கோணல்மாணலாகக் கையெழுத்து இருந்தது. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு மாமியார் அவளோடு பேசவில்லை. வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. சோறு வடித்து மூடி வைத்திருப்பாள். துர்கா போட்டுச் சாப்பிட்டுக்கொள்வாள். கண்டமங்கலத்துத் தம்பி வந்து, "இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிடு" என்று திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். ஜெயம்மாள் அன்றைக்கும் துர்காவுக்குச் சோறு வடித்து மூடி வைத்தாள்.

கொல்லையில் பாதி அறுவடையோடு நின்றுபோன மல்லாட்டையைப் பெரியதம்பி ஆள் வைத்துப் பிடுங்கிக் கொடுத்திருந்தார். அந்த வரப்போரம் மட்டும் ஆட்கள் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நாலு பாத்தி மிச்சம். கோடை மழை பெய்து மண்ணுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயம்மாள் தனியாகப் போவதைப் பார்த்துத் துர்காவும் பின்னாலேயே போனாள். ஆளுக்கு ஒரு கோடியில் குனிந்தார்கள். மண் ஈரமாக இருந்ததால் கொடி சுலபமாக வந்தது. காய்களில் பாதி கறுத்துப்போயிருந்தன. வெயில் ஏறும்வரைக்கும் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள்.

துர்கா கவனிக்காமல் வரப்புப் பக்கமாக நகர்ந்துகொண்டே போனாள்.

"அங்க போவாத!"

மாமியார் குரல். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. துர்கா நிமிர்ந்தாள். ஜெயம்மாள் கையில் கொடியோடு எழுந்து நின்றிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"அந்தாண்ட போவாத. அத நானு பாத்துக்கறேன். இந்தப் பக்கம் வந்து புடுங்கு."

துர்கா அந்தப் பக்கம் வந்தாள். ஜெயம்மாள் அவளைக் கடந்து வரப்போரம் போய்க் குனிந்தாள். துர்காவுக்கு வேலை ஓடவில்லை. பிடுங்கிய கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே உட்கார்ந்தாள். அந்தக் கிழவியின் கை ஒவ்வொரு தடவையும் புதருக்குள் போய் வெளியே வரும்வரைக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.